ஆடியில் போட்ட பத்திரிகை மார்கழியில் வந்தது

அன்புள்ள மெய்யா,

நலம். ஆத்தாவும் நலம், மழைக்கு முட்டிவலி மட்டும் கூடியிருக்கிறது. உன்னிடம் மன்னிப்புக் கேட்கத்தான் எழுதுகிறேன். போனில் கேட்டால் பாதியில் அழுதுவிடுவேன்.

உன் வீட்டுக்கார அண்ணனின் சாந்திப் பத்திரிகை, அறுபதாம் கல்யாண அழைப்பு, நேற்றுத்தான் என் கைக்கு வந்தது. ஆடியில் நீ போட்டது, மார்கழி பிறந்த பிறகு வருகிறது. உள்ளே நீ பென்சிலில் எழுதியிருந்த நாலு வரியையும் படித்தேன். “நீ வராவிட்டால் கொழுக்கட்டை டீச்சரிடம் சொல்லிவிடுவேன்” என்று எழுதியிருக்கிறாய். ஊரெல்லாம் சாந்திக்குப் போய் வந்து படம் காட்டியபோது, என்னை மட்டும் மறந்துவிட்டாளே என்று நாலு மாதமாக மனதுக்குள் வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தேன். நீ கூப்பிட்டபோது இரண்டு முறை போனை எடுக்கவில்லை. அது வேண்டுமென்று செய்ததுதான். மன்னித்துவிடு.

பத்திரிகை எங்கே இருந்தது தெரியுமா? பங்காளி வீட்டு முகப்பில். அவர்கள் பினாங்கிலிருந்து வந்து கதவைத் திறந்து மூன்று வருடமாகிறது. கூட்டிப் பெருக்க வருகிற அம்மா கதவிடுக்கில் விழுந்த தபாலையெல்லாம் ஒரு மஞ்சள் பையில் சேர்த்து வைத்திருக்கிறாள். அதில் பதினோரு கடிதம் எங்களுடையது.

நமக்குத் தபால் கொண்டுவந்த அண்ணன் ஓய்வு பெற்றுவிட்டார் அல்லவா, அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. உறையில் வெறும் ‘ராம.சித.’ என்று இருந்தாலே எந்த வீடு, எந்தக் கட்டு என்று அவருக்குத் தெரியும். புதிதாக வந்திருக்கும் பையன் வெளி மாவட்டம். நம் செட்டிநாட்டு ஆட்களுக்கு விலாசம் என்றால் பெயருக்கு முன்னால் வரும் எழுத்து வரிசை. அவனுக்கு விலாசம் என்றால் தெருவும் கதவு எண்ணும். ஒரே தெருவில் ஒரே விலாசத்தில் இரண்டு வீடு, இரண்டிலும் ஐயா பெயரையே பேரனுக்கும் வைத்திருக்கிறோம். அவன் என்ன செய்வான் பாவம்?

இது தெரியாமல் நான் முதலில் கோபப்பட்டது ஆத்தாவின் ஏடிஎம் அட்டைக்காக. வங்கி ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, இரண்டு முறையும் திரும்பிப் போய்விட்டது. ‘கதவு பூட்டியிருந்தது’ என்று காரணம். ஆத்தா பட்டாலைத் திண்ணையை விட்டு நகராதவள், நானும் வீட்டிலேயே இருக்கிறேன், எந்தக் கதவு பூட்டியிருந்தது? வங்கியில் கண்காணிப்பு எண்ணை வாங்கினேன். முன்னால் இரண்டு எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் ஐ.என். அஞ்சல் துறையின் இணையதளத்தில் அதைப் போட்டால் எந்த நாள், எத்தனை மணிக்கு எங்கே இருந்தது என்று வரிசையாக வருகிறது. பகல் பன்னிரண்டு மணிக்கு வந்து தட்டியிருக்கிறான். அப்போதுதான் பொறி தட்டியது. நம் வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறவை. அவன் தட்டியது பின்கட்டுக் கதவை! அங்கே தட்டினால் முகப்பில் இருப்பவருக்கு எப்படிக் கேட்கும்?

1800 266 6868 என்ற கட்டணமில்லா எண்ணில் சொன்னேன். புகாருக்கு ஒரு எண் கொடுத்தார்கள். அதைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும், அடுத்து யாரிடம் போனாலும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். ஆனால் காரியம் நடந்தது நேரில் போன பிறகுதான். ஒரு தாளில் இரண்டு தெருவையும் வரைந்து, எங்கள் முன்வாசல், பங்காளி வீட்டு வாசல், ஊரணி எல்லாம் குறித்து, என் கைபேசி எண்ணையும் எழுதி போஸ்ட் மாஸ்டர் கையில் கொடுத்தேன். அன்று மாலையே அந்தப் பையனைக் கூட்டிக்கொண்டு அவரே நடந்து வந்துவிட்டார். அவன் முகம் வாடிப்போய் நின்றான். காபி கொடுத்தேன். போன மாதம் ஆத்தாவின் விரல் ரேகையை எடுத்து ஓய்வூதியத்துக்கு வாழ்நாள் சான்றிதழ் போட்டுக் கொடுத்ததும் அவன்தான். 70 ரூபாயில் வீட்டுக்குள்ளேயே வேலை முடிந்தது. அவ்வளவு பொறுமையான பிள்ளையைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. பங்காளி வீட்டுப் பையைப் போய்ப் பார்க்கச் சொன்னதும் அவனே.

இப்போது உன் பங்குக்கு வருகிறேன். எங்கள் பின்கோடு என்று நீ 630001 போட்டிருக்கிறாய். அது காரைக்குடியுடையது, மெய்யா! பின்கோடு 1972-இல் வந்தது, இன்னும் நம் ஆட்கள் எல்லா ஊருக்கும் காரைக்குடி எண்ணையே எழுதுகிறார்கள். கடைசி மூன்று இலக்கம்தான் எந்த ஆபீஸ் பட்டுவாடா செய்யும் என்று காட்டுவது. அது தப்பினால் கடிதம் சுற்றித்தான் வரும். அதோடு நீ சாதாரணத் தபாலில் போட்டிருக்கிறாய். எண் இல்லாத கடிதத்தை எங்கே என்று தேடுவது? பதிவுத் தபாலை 2025-இல் ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். முக்கியமானது என்றால் ஸ்பீடு போஸ்டில் ‘பதிவும் வேண்டும்’ என்று கவுன்டரில் சேர்த்துக் கேள். பெறுநரிடமோ அவர் எழுதிக் கொடுத்த ஆளிடமோதான் தருவார்கள்.

உன் வீடும் இங்கே பூட்டித்தான் கிடக்கிறது. வரி நோட்டீஸ், கோயிலுக்குக் குடும்பக் கணக்கில் கட்டும் புள்ளி வரிக் கடிதம் எல்லாம் யார் கையில் போகிறதோ! பூட்டிய வீட்டுக்கு வரும் பதிவு செய்த தபாலை ஏழு நாள் வைத்திருந்துவிட்டு, அனுப்பியவருக்கே திருப்பிவிடுகிறார்கள். சென்னை முகவரிக்கு மாற்றி அனுப்பும்படி உன் கையெழுத்தோடு ஒரு விண்ணப்பம் எழுதி எனக்கு அனுப்பு, நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அண்ணன் கையெழுத்தும் தனியாக வேண்டும், அவர் பெயருக்கும் தபால் வருகிறதே. இதைத் தள்ளிப்போடாதே. எனக்குப் போனது ஒரு சாந்தி. உனக்கு ஏதாவது கோர்ட்டுக் காகிதம் போய்விட்டால் என்ன செய்வாய்?

நாங்கள் முன்வாசலில் ஒரு தபால் பெட்டி வைத்துவிட்டோம். பின்கதவில் ‘தபால் முன்தெருவில்’ என்று பெயின்ட்டில் எழுதியாயிற்று. எழுத்து கோணல் என்று ஆத்தா இரண்டு நாளாகக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பிள்ளையார் நோன்புக்கு மாவு விளக்கு ஏற்றி இழை எடுத்துவிட்டு மறுவாரம் சென்னை வருகிறேன். அண்ணனுக்கு வேட்டியும் உனக்குச் சேலையும் எடுத்து வைத்திருக்கிறேன், காலம் தப்பினாலும் முறை தப்பக்கூடாது. சாந்தி ஆல்பத்தை எடுத்து வை, முதல் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும்.

இது கிடைத்ததும் இரண்டு வரி எழுது. போனில் சொல்லாதே, தபாலிலேயே போடு. பையன் எந்த வாசலுக்கு வருகிறான் என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
வள்ளி