பெயரோடு ஓட்டுக் கணக்கையும் போடுங்கள்: அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கு ஒரு திறந்த மடல்

டெல்லி துவாரகாவில், ஃபுட்பால் ஹவுஸில் இருக்கும் பெரியவர்களுக்கு,

வணக்கம். நான் வியாசர்பாடிக்காரன். வடசென்னையில் கால்பந்து எங்கே என்று யாரைக் கேட்டாலும் எங்கள் பக்கம்தான் கை காட்டுவார்கள், அதனால் என்னைப் பற்றி அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. விளையாடி ஒன்றும் கிழித்தவனில்லை, பார்த்தே வயதானவன். நீங்கள் வருடாவருடம் கொடுக்கும் சிறந்த வீரர், சிறந்த வீராங்கனை, சிறந்த பயிற்சியாளர் விருதுகளைப் பற்றித்தான் இந்த மடல். யாருக்குக் கொடுத்தீர்கள் என்பதில் எனக்குப் பெரிய சண்டை கிடையாது. சண்டை போடவே வழியில்லாமல் கொடுக்கிறீர்களே, அதுதான் என் குறை.

முதலில் எங்கள் ஏரியா கதை ஒன்று. ஞாயிற்றுக்கிழமை செவன்ஸ் போட்டி, அதாவது அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து, நடக்கும், ஃபைனல் முடிந்ததும் பெஸ்ட் பிளேயர் யார் என்று நடுவர், இரண்டு கேப்டன்கள், பழைய ஆட்டக்காரர் இரண்டு பேர், ஆளுக்கு ஒரு சீட்டில் பெயர் எழுதித் தருவார்கள். சீட்டு என்றால் பெரும்பாலும் சிகரெட் அட்டையைக் கிழித்ததுதான். மைக் பிடித்திருக்கிற அண்ணன் ஒவ்வொன்றாகப் பிரித்து, யார் யாருக்குப் போட்டார் என்று சத்தமாகப் படிப்பார். ஒருமுறை ஒரு கேப்டன் தன் அணியின் கோல்கீப்பரை விட்டுவிட்டு எதிரணிப் பையன் பெயரை எழுதிவிட்டான், கூட்டம் ஓவென்று கத்தியது, அந்த கோல்கீப்பர் ஒரு வாரம் அவனிடம் பேசவில்லை. பரிசு என்னவோ ஒரு டேபிள் ஃபேன். ஆனால் அந்த ஃபேன் யாருக்கு ஏன் போனது என்று இன்றைக்கும் டீக்கடையில் எல்லாரும் சொல்வார்கள்.

உங்கள் விருது 1992இல் ஐ.எம். விஜயனிலிருந்து ஆரம்பிக்கிறது. அவருக்கு மூன்று முறை, சுனில் சேத்ரிக்கு ஏழு முறை, கோல்கீப்பர்களில் 2009இல் சுப்ரதா பாலுக்கும் பத்து வருடம் கழித்து குர்பிரீத் சிங் சந்துவுக்கும், கடைசியாக நான் பார்த்த 2024-25 பட்டியலில் சுபாசிஷ் போஸுக்கு. பெயர்களைப் பார்த்தால் பெரும்பாலும் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தேர்ந்தெடுத்த விதத்தைப் பாருங்கள். 2020-21இல் ஆண்கள் விருதுக்கு ஐ.எஸ்.எல்., ஐ-லீக் என்ற இரண்டு தேசிய லீகுகளின் கிளப் பயிற்சியாளர்கள் ஓட்டுப் போட்டார்கள், சந்தேஷ் ஜிங்கனுக்குக் கிடைத்தது. அதே வருடம் பெண்கள் விருதுக்கு ஓட்டே இல்லை, தேசிய அணிப் பயிற்சியாளர் மேமோல் ராக்கி தொழில்நுட்ப இயக்குநரோடு கலந்து பேசி பாலா தேவியைச் சொன்னார். அடுத்த வருடம் ஆண்கள் பக்கமும் முறை மாறியது: ஆண்கள் தேசிய அணிப் பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச் சேத்ரியை முன்மொழிந்தார், பெண்கள் அணிப் பயிற்சியாளர் தாமஸ் டென்னர்பி மனீஷா கல்யாணை முன்மொழிந்தார், முடிந்தது கதை. ஒரு வருடம் தேர்தல், மறு வருடம் நியமனம். ஆட்டத்தின் விதியை இப்படி வருடத்துக்கு ஒன்றாக மாற்றினால் நீங்களே நடுவருக்கு சிவப்பு அட்டை காட்டுவீர்கள்.

ஃபிஃபாவின் விருதைப் பாருங்கள், எத்தனையோ விஷயத்தில் அவர்களைத் திட்டலாம், ஆனால் அந்த ஓட்டுத் தாள் மட்டும் சுத்தமாக வெளியே வரும். எந்த நாட்டு கேப்டன், எந்த நாட்டுப் பயிற்சியாளர், முதல் ஓட்டு யாருக்கு, இரண்டாவது, மூன்றாவது யாருக்கு, ஐந்து, மூன்று, ஒன்று என்று புள்ளி. நம் கேப்டன் உலகத்தின் சிறந்த வீரராக யாரை எழுதினார் என்று வியாசர்பாடியில் உட்கார்ந்து என்னால் பார்க்க முடிகிறது. அதே நம் கேப்டனுக்கு நம் நாட்டில் யார் ஓட்டுப் போட்டார், யார் போடவில்லை என்று தேடினால் எனக்கு ஒரு தாளும் அகப்படவில்லை.

ஓட்டுக் கணக்கை வெளியே சொல்லும் பழக்கம் உங்களுக்கு இல்லாமலும் இல்லை. 2022 செப்டம்பரில் உங்கள் தலைவர் தேர்தல் நடந்தது, கல்யாண் சௌபே 33, பாய்ச்சுங் பூட்டியா 1 என்று அன்று மாலைக்குள் ஊருக்கே தெரிந்தது. நாற்காலிக்கு எண்ணத் தெரிந்தவர்களுக்கு ஆட்டக்காரருக்கு எண்ண முடியாதா?

சரி, இவ்வளவு தூரம் என்னை எழுத வைத்தது இந்துமதி கதிரேசன். 2023-24இன் சிறந்த வீராங்கனை. கடலூர்ப் பெண், தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர், 2020 ஊரடங்கில் தெருவில் நின்று டியூட்டி பார்த்தவர். அவர் பெயர் வந்த அன்று கடையில் நான்தான் போனை நீட்டி எல்லாருக்கும் காட்டினேன். பரோட்டா மாஸ்டர் கேட்டார், "யாருப்பா இது, எத்தன கோல் போட்டிருக்கு?" நான் சொன்னேன், நடுக்களத்தில் ஆடுகிறவர், கோலை வைத்து அளக்கக் கூடாது, பந்து அவர் காலுக்கு வந்தால் ஆட்டத்தின் வேகமே மாறும் என்று. "அப்ப மனீஷாவ விட எதுல மேல? யாரு சொன்னா?" என்றார். முந்தைய இரண்டு வருடமும் மனீஷாதான் வாங்கியிருந்தார், சைப்ரஸில் அப்போலோன் கிளப்புக்கு ஆடி ஐரோப்பியப் பெண்கள் சாம்பியன்ஸ் லீகில் இறங்கிய முதல் இந்தியர், அவர் பெயர் மாஸ்டருக்கே தெரிந்திருந்தது. எனக்கு இந்துமதி மேல் சந்தேகமே இல்லை, ஆனால் மாஸ்டருக்குக் காட்ட என் கையில் ஒன்றுமில்லை. ஃபார்வர்டுக்கு கோல் சாட்சி. நடுக்களத்துக்காரருக்கு எதிரில் ஆடியவர்களும் எதிரணி பெஞ்சில் உட்கார்ந்து தலையில் கை வைத்தவர்களும்தான் சாட்சி, அவர்கள் போட்ட ஓட்டைக் காட்டினால் ஒழிய வேறு அத்தாட்சி கிடையாது. இந்திய மகளிர் லீகில் ஆடும் எதிரணி கேப்டன்களில் ஆறு பேர் இந்துமதி பெயரை எழுதியிருந்தார்கள் என்று ஒரு தாள் இருந்திருந்தால் மாஸ்டர் அங்கேயே வாயை மூடியிருப்பார். (மூடியிருக்க மாட்டார், ஆனால் வேறு எதையாவது பேசியிருப்பார்.)

பெண்கள் பக்கம் இது இன்னும் முக்கியம் என்பேன், காரணம் ஆட்டத்தைப் பார்த்தவர்களே கொஞ்சம். 2023-24 லீகில் ஏழு அணிகள், ஓர் அணிக்கு 12 ஆட்டம், அடுத்த வருடம் எட்டு அணிகள், 14 ஆட்டம். நான் யூடியூபில் பார்த்ததில் பாதி நேரம் ஒரே கேமரா, மத்தியான வெயிலில் ஜெர்சி நம்பர் தெரியாது, பந்து ஓரக்கோட்டுப் பக்கம் போனால் கேமராக்காரர் கண்டுபிடிப்பதற்குள் த்ரோ-இன் முடிந்திருக்கும். இப்படிப் பார்த்துவிட்டு யார் சிறந்தவர் என்று வெளியே இருந்து யாரால் சொல்ல முடியும்? களத்தில் நின்றவர்களைத்தான் கேட்க வேண்டும். அவர்களைத்தான் கேட்கிறீர்களா என்பதைத்தான் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்.

பழைய கணக்கு ஒன்றும் இருக்கிறது. பெண்கள் விருதுப் பட்டியலில் 2001இல் மணிப்பூரின் ஓய்னம் பெம்பெம் தேவி பெயர் இருக்கிறது. அடுத்த பெயர் 2013இல், அதுவும் அதே பெம்பெம் தேவி. நடுவில் ஒரு தலைமுறையே ஆடி முடித்து வீட்டுக்குப் போயிருக்கும். அந்த வருடங்களில் யாருக்குக் கொடுத்திருக்கலாம் என்று இனி எதை வைத்துச் சொல்வது? பெம்பெமுக்கு பின்னால் அர்ஜுனாவும் வந்தது, பத்மஸ்ரீயும் வந்தது, அவர் கதை வேறு.

பயிற்சியாளர் விருதைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. காலித் ஜமீல் 2023-24, 2024-25 இரண்டிலும் வாங்கினார், 2025 ஆகஸ்டில் தேசிய அணியையே அவர் கையில் கொடுத்தீர்கள், அதனால் அந்தத் தேர்வு சரியாகத்தான் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். ஆனால் கோப்பை ஜெயித்த பெரிய கிளப் பயிற்சியாளர்தான் சிறந்த பயிற்சியாளரா, கடலூரில் சுனாமிக்குப் பிறகு மீனவர் குடியிருப்புப் பெண் பிள்ளைகள் காலில் பந்தைக் கொடுத்து அதில் பலரைத் தேசிய அணி வரை கொண்டுபோன மாரியப்பன் மாதிரி ஆட்கள் எந்தப் பட்டியலில் வருவார்கள் என்று ஒரு வார்த்தை யோசியுங்கள். ஒவ்வொரு வீரரும் மேடையில் முதலில் நன்றி சொல்வது அப்படிப்பட்ட ஒருவருக்குத்தான், அவர் பெரும்பாலும் அந்த அரங்கத்திலேயே இருக்க மாட்டார்.

நான் கேட்பது பணம் ஆகாத காரியம். சீசன் தொடங்கும் முன்பே யார் ஓட்டுப் போடுவார்கள் என்று அறிவியுங்கள், அதை நடுவில் மாற்றாதீர்கள். பெண்கள் விருதுக்கு மகளிர் லீகின் கேப்டன்களும் பயிற்சியாளர்களும் ஓட்டுப் போடட்டும், ஆண்களுக்கு அதேபோல். தன் அணி ஆளுக்கே போடக்கூடாது என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எங்கள் செவன்ஸ் கமிட்டி நன்றாகவே சொல்லும். பாலா தேவி ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸுக்கு ஆடிய வருடம் மாதிரி வெளிநாட்டில் ஆடுகிறவரை இங்கே லீக் ஆடுகிறவரோடு எப்படி ஒப்பிடுவது என்பதற்கும் ஏதோ ஒரு விதி எழுதி வையுங்கள், தப்பான விதியாக இருந்தாலும் சரி, அப்புறம் திருத்திக்கொள்ளலாம். இந்தியக் கால்பந்து ஆட்டக்காரர்கள் சங்கம் ஆட்டக்காரர்கள் ஓட்டை வைத்தே விருது கொடுத்திருக்கிறது, அதனால் நடக்காத காரியம் என்று சொல்லிவிட முடியாது.

அடுத்த விருது நாளில் கோட்டு சூட்டு, பூங்கொத்து, போட்டோ எல்லாம் இருக்கட்டும். மறுநாள் உங்கள் இணையதளத்தில் ஓட்டுத் தாளை ஏற்றிவிடுங்கள். ஆங்கிலத்தில் இருந்தாலும் பரவாயில்லை, கடையில் நான் படித்துச் சொல்லிக்கொள்கிறேன். மாஸ்டர் காத்துக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
வியாசர்பாடியிலிருந்து ஒரு பந்தாட்டப் பைத்தியம்