மேரி லிங்கனுக்கு இரண்டாவது தீர்ப்பும் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் ஆபிரகாம் லிங்கனைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். கெட்டிஸ்பர்க் உரை, அடிமை ஒழிப்பு, நாடக அரங்கில் நடந்த கொலை எல்லாவற்றையும் நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் முடிவுக்குச் சற்று முன்னால் ஒரு வரி வருகிறது. ஊதாரியும் முன்கோபியுமான மனைவி மேரிக்குப் பின்னாளில் பைத்தியம் பிடித்து, மனநல விடுதியில் அடைத்தார்கள் என்று. மேரி டாட் லிங்கன் 63 வருடம் வாழ்ந்தவர். அவருக்குக் கிடைத்த இடம் அந்த ஒரு வரி. அதிலும் ஒரு தீர்ப்புதான் இருக்கிறது, இன்னொன்று இல்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் வரலாறு படித்தவள் இல்லை. வங்கியில் 31 வருடம் வேலை பார்த்தேன், கடைசி ஒன்பது வருடம் ஓய்வூதியப் பிரிவில். கணவரை இழந்த பெண்கள் முதல் தடவையாகத் தனியாகக் கையெழுத்துப் போட வரும் இடம் அது. ஒருநாள் ஒருவர் வந்து, "அம்மாவுக்கு இப்ப புத்தி சரியில்ல மேடம், கணக்க என் பொறுப்புல விட்டுடுங்க" என்றார். அந்த அம்மா பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். "உங்க கணக்குல என்னம்மா இருக்கு?" என்று கேட்டேன். மூன்று வைப்புத்தொகை ரசீதுகளின் தொகையையும் முதிர்வுத் தேதியையும் வரிசையாகச் சொன்னார். மூன்றும் சரி. மகனும் கெட்டவர் இல்லை. அம்மா யாரிடமாவது பணத்தைத் தூக்கிக் கொடுத்துவிடுவாரோ என்ற பயம் அவருக்கு. அந்த இரண்டு முகங்களும் இன்னும் எனக்கு மறக்கவில்லை. மேரி லிங்கனின் கதை என் மனதில் ஒட்டிக்கொண்டதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

என் மகள் சிகாகோவில் இருக்கிறாள். அங்கே போயிருந்தபோது, ஊருக்கு மேற்கே ஃபாக்ஸ் ஆற்றங்கரையில் இருக்கும் பட்டேவியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பழைய ரயில் நிலையம் ஒன்றைச் சின்ன அருங்காட்சியகமாக மாற்றி வைத்திருக்கிறார்கள். அங்கே ஒரு கட்டில், துணி வைக்கும் இழுப்பறை மேசை ஒன்று. அந்த ஊரில் இருந்த பெல்வியூ பிளேஸ் என்ற மனநல விடுதியில் மேரி லிங்கன் பயன்படுத்தியவை. 1875 மே மாதம் அவரை அங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். நான் அந்தக் கட்டில் முன்னால் நின்றபடி, ஒரு நாட்டின் அதிபர் மனைவி எப்படி இங்கே வந்து சேர்ந்தார் என்று மகளைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவளுக்கும் தெரியவில்லை. அப்புறம் கிடைத்ததை எல்லாம் தேடித்தேடிப் படித்தேன்.

அவர் கென்டக்கி மாநிலம் லெக்சிங்டனில் 1818இல் பிறந்தவர். வசதியான, அடிமைகளை வைத்திருந்த குடும்பம். ஆறு வயதில் தாய் இறந்துபோனார். அந்தக் காலத்துப் பெண்களுக்கு அபூர்வமான படிப்பு இவருக்குக் கிடைத்தது, பிரெஞ்சு சரளமாகப் பேசுவார். இலினாய் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில் அக்கா எலிசபெத் வீட்டுக்கு வந்த இடத்தில், கையில் காசில்லாத, முறையாகப் பள்ளிக்கூடம் போகாத ஒரு வக்கீலைத் தேர்ந்தெடுத்தார். நிச்சயம் ஒருமுறை முறிந்து, 1842 நவம்பர் 4 அன்று அக்கா வீட்டிலேயே கல்யாணம் நடந்தது. அரசியல் பேச்சு என்றால் மேரிக்கு உயிர். 1849இல் லிங்கனுக்குத் தொலைதூர ஆரிகன் பிரதேசத்தின் ஆளுநர் பதவி தேடி வந்தபோது, வேண்டாம் என்று நின்றவர் மேரி. அங்கே போயிருந்தால் நாம் யாரும் லிங்கன் பெயரைக் கேள்விப்பட்டிருப்போமா தெரியாது.

அவருக்கு நான்கு மகன்கள். எட்டி 1850இல் மூன்று வயதில் போனான். வில்லி 1862 பிப்ரவரியில், வெள்ளை மாளிகையிலேயே, டைஃபாய்டில் போனான், வயது 11. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். மேரியின் தம்பிகள் எதிர்த்தரப்பில் சண்டை போட்டுச் செத்தார்கள், தங்கை கணவரும் அப்படியே. தெற்கத்திக்காரர்கள் இவரைத் துரோகி என்றார்கள், வடக்கத்திக்காரர்கள் உளவாளி என்றார்கள். தம்பிகளுக்காக வாய்விட்டு அழக்கூட அவருக்கு வழியில்லை. அந்த நாட்களில் வாஷிங்டன் ராணுவ மருத்துவமனைகளுக்குப் போய், அடிபட்ட சிப்பாய்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் வீட்டுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதற்குப் பத்திரிகைக்காரர்களை அழைத்துப் போனதில்லை. வாங்கிய துணிகளையும் திரைச்சீலைகளையும் மட்டும் பத்திரிகைகள் விடாமல் எண்ணின.

செலவு செய்தது உண்மைதான், அதை மறைக்க மாட்டேன். வெள்ளை மாளிகையைப் புதுப்பிக்க நாடாளுமன்றம் கொடுத்த 20,000 டாலரையும் தாண்டிச் செலவழித்தார், லிங்கனுக்குக் கோபம் வந்தது. துணிக்கடைக் கடன் மட்டும் 27,000 டாலர் இருந்ததாக அவருடைய தையல்காரர் எலிசபெத் கெக்லி எழுதியிருக்கிறார். கெக்லி அடிமையாகப் பிறந்து, 1,200 டாலர் கொடுத்துத் தன்னையும் மகனையும் விடுவித்துக்கொண்டவர். மேரிக்கு இருந்த ஒரே நெருங்கிய தோழி என்று அவரைத்தான் சொல்ல வேண்டும்.

1865 ஏப்ரல் 14 இரவு, ஃபோர்டு அரங்கில், கணவரின் பக்கத்து இருக்கையில் மேரி உட்கார்ந்திருந்தபோதுதான் குண்டு பாய்ந்தது. எதிர் வீட்டில் லிங்கன் உயிர் ஊசலாடிய அந்த இரவில், அழுகை தாங்க முடியவில்லை என்று மேரியை அறையை விட்டு வெளியே அனுப்பிவிட்டார்கள். காலையில் லிங்கன் இறந்தபோது அவர் பக்கத்தில் இல்லை.

லிங்கன் உயில் எழுதி வைக்கவில்லை. அதிபரின் விதவைக்கு ஓய்வூதியம் என்று ஒரு ஏற்பாடும் அன்று கிடையாது. 1867இல் வேறு பெயரில் நியூயார்க் போய்த் தன் பழைய உடைகளை விற்கப் பார்த்தார். விஷயம் வெளியே வந்ததும் பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. ஓய்வூதிய மசோதா செனட்டில் இழுபட்டு, 1870இல் 28க்கு 20 என்ற வாக்கில் நிறைவேறியது. வருடத்துக்கு 3,000 டாலர். அடுத்த வருடமே கடைசி மகன் டாட் 18 வயதில் இறந்தான். ஜெர்மனியில் அம்மாவுக்குத் துணையாக இருந்து, கூடவே திரும்பி வந்த பிள்ளை அவன். மிச்சம் மூத்தவர் ராபர்ட் ஒருவர்தான். சிகாகோவில் வக்கீல்.

இப்போது 1875 மே 19. சிகாகோவில் கிராண்ட் பசிஃபிக் என்ற ஹோட்டலில் மேரி தங்கியிருந்தார். மதியம் லியனார்ட் ஸ்வெட் என்ற வக்கீல் கதவைத் தட்டினார், லிங்கனின் பழைய நண்பர். கூடவே போலீஸ்காரர்கள். "உங்கள் புத்தி சுவாதீனத்தைப் பற்றி இன்று விசாரணை, இப்போதே கிளம்ப வேண்டும்" என்றார். மேரிக்கு அதுவரை ஒரு தகவலும் இல்லை. நீதிமன்றத்தில் 12 ஆண்கள் ஜூரியாக உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர் வங்கிக்காரர் லைமன் கேஜ், பின்னாளில் நாட்டின் நிதியமைச்சர். சாட்சிகள் 17 பேர். ஹோட்டல் ஊழியர்கள், கடைக்காரர்கள், டாக்டர்கள். டாக்டர்களில் பெரும்பாலானவர்கள் மேரியைப் பரிசோதித்ததே இல்லை. மேரி பக்கத்தில் ஒரு வக்கீல் பெயருக்கு இருந்தார், ஒரு சாட்சியைக்கூடக் கூப்பிடவில்லை. மகன் அழுதுகொண்டே சாட்சி சொன்னார். சில நிமிடங்களில் ஜூரி திரும்பி வந்து, பைத்தியம் என்றது. "ஐயோ ராபர்ட், என் மகனே எனக்கு இப்படிச் செய்வாய் என்று நினைக்கவில்லையே" என்று அவர் சொன்னதாக அன்றைய பத்திரிகைகள் எழுதின.

அடுத்து நடந்ததுதான் எனக்கு நெஞ்சில் தைத்தது. மேரி தன் அரசாங்கக் கடன் பத்திரங்களை உள்பாவாடையில் பை தைத்து அதற்குள் வைத்திருந்தார். 50,000 டாலருக்கு மேல். அவற்றை அன்றைக்கே எடுத்துக் கொடுக்க வைத்தார்கள். பணத்தைத் துணிக்குள் வைத்துத் தைத்ததையே பைத்தியத்தின் அடையாளமாகப் பலர் எழுதுகிறார்கள். பெட்டகத்தின் மேல் நம்பிக்கை இல்லாமல் மடியில் முடிந்து வைத்துக்கொண்டு வந்த எத்தனையோ பெண்களை நான் கவுன்டரில் பார்த்திருக்கிறேன். அவர்களில் யாரையும் பைத்தியம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

மேரிக்கு ஒரு கோளாறும் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. சுவருக்கு அந்தப்பக்கம் குரல் கேட்கிறது என்றார். மகன் சாகக் கிடக்கிறான் என்று பயந்து ஃபுளோரிடாவிலிருந்து தந்தி அடித்துவிட்டு ஓடி வந்தார், மகன் நன்றாகத்தான் இருந்தார். நான்கில் மூன்று பிள்ளைகளைப் புதைத்தவருக்கு அந்தப் பயம் வராதா? உதவி தேவைப்பட்ட பெண் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த உதவியை ஒரே மதியத்தில், முன்னறிவிப்பு இல்லாமல், போலீஸை வைத்துச் செய்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இத்தனைக்கும் ஜூரி விசாரணை என்ற விதியே பெண்களைக் காப்பாற்ற வந்தது. எலிசபெத் பக்கார்ட் என்ற பெண்ணை, மதபோதகரான அவர் கணவர் 1860இல் இதே இலினாயில் விசாரணை இல்லாமல் மனநல விடுதியில் போட்டார். மூன்று வருடம் கழித்து வெளியே வந்த அந்த அம்மா ஓயாமல் போராடித்தான் 1867இல் அந்தச் சட்டம் வந்தது.

பெல்வியூ விடுதி சிறை மாதிரி இல்லை. தனி அறை, குதிரை வண்டியில் உலா, வாரா வாரம் மகன் வருகை எல்லாம் உண்டு. மேரி அங்கே சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. வெளியே கடிதம் போக வழி கண்டுபிடித்து மைரா பிராட்வெல்லுக்கு எழுதினார். அவர் வக்கீல் தேர்வில் 1869இலேயே தேறியவர். பெண் என்பதால் உரிமம் மறுக்கப்பட்டு, 1873இல் உச்ச நீதிமன்றமும் கைவிட்டது. சிகாகோவில் சட்டப் பத்திரிகை நடத்தி வந்தார். அவரும் அவர் கணவரும் நேரில் போய்ப் பார்த்தார்கள், ஒரு நிருபரையும் அனுப்பி வைத்தார்கள். மேரி தெளிவாகப் பேசுகிறார் என்று செய்தி வந்தது. விடுதி மருத்துவருக்கும் ராபர்ட்டுக்கும் நெருக்கடி. நான்கு மாதம் முடிவதற்குள், செப்டம்பரில், மேரி அக்கா எலிசபெத் வீட்டுக்கு வந்துவிட்டார். ஆசிரியர் அவர்களே, மேரியின் பெயரைக் கெடுத்ததும் பத்திரிகைதான், வெளியே கொண்டுவந்ததும் பத்திரிகைதான்.

ராபர்ட் கைக்குப் போயிருந்த சொத்துப் பொறுப்பை, தீர்ப்பிலிருந்து ஒரு வருடம் முடியும் முன்னால் திரும்பக் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. அந்தக் கெடு முடிந்ததும், 1876 ஜூன் 15 அன்று, அதே சிகாகோவில் இன்னொரு ஜூரி உட்கார்ந்தது. அக்கா கணவர் நினியன் எட்வர்ட்ஸ் மேரிக்காகச் சாட்சி சொன்னார். மேரி சுய புத்தியுடன் இருக்கிறார், தன் சொத்தைத் தானே நிர்வகிக்கத் தகுதியானவர் என்று தீர்ப்பு. உங்கள் கட்டுரையில் இல்லாத தீர்ப்பு இதுதான். ராபர்ட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அம்மாவின் பணத்தில் அவர் கை வைக்கவில்லை, கணக்கைச் சரியாக ஒப்படைத்தார். ஆனாலும் நாலே நாளில் மேரி அவருக்கு எழுதிய கடிதம் நெருப்பு.

பிறகு அவர் பிரான்ஸில் போ என்ற ஊருக்குப் போய் நான்கு வருடம் தனியாக இருந்தார். மறுபடி பைத்தியம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். அங்கிருந்து ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஜேக்கப் பன் என்ற வங்கியாளருக்கு எழுதிய கடிதங்கள் ஏராளம். ஓய்வூதியம் எப்போது வந்தது, வட்டி எவ்வளவு, எந்தத் தேதியில் காசாக்கினார், ரசீதில் கையெழுத்துப் போட்டாயிற்று என்று ஒவ்வொன்றும் தேதியோடு, தொகையோடு. என் கவுன்டருக்கு இப்படி ஒரு வாடிக்கையாளர் வந்திருந்தால் எழுந்து நின்றிருப்பேன். இறக்கும்போது அவர் விட்டுப்போனது 80,000 டாலருக்கு மேல். ஊதாரி என்ற சொல்லை எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

ஏணியிலிருந்து விழுந்து முதுகில் அடிபட்டு, 1880 அக்டோபரில் கப்பலில் ஊர் திரும்பினார். பெரிய அலை ஒன்று கப்பலை உலுக்கியபோது, படிக்கட்டில் விழப்போன கறுப்புடைக் கிழவியை ஒரு பெண் தாவிப் பிடித்தார். பிடித்தவர் பிரெஞ்சு நடிகை சாரா பெர்ன்ஹார்ட். கிழவி தான் லிங்கனின் விதவை என்று சொன்னதும் நடிகைக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. லிங்கனைக் கொன்றவன் ஒரு நடிகன். இந்தப் பெண்ணுக்கு நான் செய்திருக்கக்கூடாத ஒரே உதவி, சாவிலிருந்து காப்பாற்றியதுதான் என்று பெர்ன்ஹார்ட் தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார்.

1882 ஜூலை 16 அன்று அக்கா எலிசபெத் வீட்டில் மேரி இறந்தார். 40 வருடம் முன்னால் கல்யாணம் நடந்த அதே வீடு. அடுத்த முறை லிங்கனைப் பற்றி எழுதும்போது, 1875 மே 19 என்று போட்டால் பக்கத்திலேயே 1876 ஜூன் 15 என்றும் போடும்படி உங்கள் கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
உங்கள் நெடுநாள் வாசகி