முடிவெடுக்கும் முன் கேளுங்கள், கேட்டதற்குப் பதில் தாருங்கள்: கடைமடை விவசாயிகளின் கோரிக்கை மனு

அனுப்புநர்
வெண்ணாற்றுக் கடைமடைப் பாசன விவசாயிகள்,
காவிரி டெல்டா.

பெறுநர்
தலைமைச் செயலாளர் அவர்கள்,
தமிழ்நாடு அரசு,
தலைமைச் செயலகம், சென்னை – 9.

பொருள்: டெல்டாவைப் பாதிக்கும் திட்டங்களில், முடிவெடுக்கும் முன்பே ஆய்வுக் குறிப்பைத் தமிழில் வெளியிட்டு, மக்களிடம் கருத்துக் கேட்டு, சொன்ன கருத்துக்கு எழுத்தில் பதில் தர அரசாணை கோருதல் – தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா, வணக்கம்.

மேட்டூரில் ஜூன் 12-ல் அணை திறந்தாலும், கல்லணையில் பிரிந்து வெண்ணாற்று வழியே எங்கள் வயலுக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகும். கடைமடை என்றால் அப்படித்தான், அதில் எங்களுக்கு வருத்தமில்லை. ஆனால் எங்கள் வாய்க்காலைப் பற்றி எடுத்த முடிவும் எங்களுக்குத்தான் கடைசியில் தெரிய வருகிறது. இந்த மனு அதைப் பற்றியது.

சில வருடங்களுக்கு முன் எங்கள் ஊர் வாய்க்காலில் பழைய மதகை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினார்கள். அதற்கு முன்னால் கருத்துக் கேட்புக் கூட்டம் ஒன்று நடந்தது உண்மை. சம்பா நடவு மும்முரமாக நடந்த வாரம், வேலை நாளில், பக்கத்து டவுனில் வைத்தார்கள். முதல் நாள் சாயங்காலம்தான் வாட்ஸ்அப்பில் தகவல் வந்தது. நாற்றுப் பறித்துப் போட்டுவிட்டு யார் போக முடியும்? பதினோரு பேர் போனோம். மேஜையில் ஒரு வரைபடம் இருந்தது, அதில் எழுதியிருந்ததெல்லாம் ஆங்கிலம். எங்களுடன் வந்த, முப்பது வருடமாக மடை பார்க்கிற பெரியவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மதகின் தளமட்டம் எங்கே வருகிறது என்று விரலை வைத்துக் கேட்டார். பழைய தளத்தைவிட ஒரு சாண் உயரம் என்றார்கள். "ஏத்தாதீங்க ஐயா, மழைக்காலத்துல எங்க வயல் தண்ணி இதே வழியாத்தான் வடியணும்" என்று சொன்னார். கடைமடையில் பாசனத்துக்கும் வடிகாலுக்கும் பெரும்பாலும் ஒரே வாய்க்கால்தான். மேலே இருப்பவர்களுக்கு இது சட்டென்று பிடிபடாது. அதிகாரி தலையாட்டினார். டீ கொடுத்தார்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டோம். பெரியவர் கைநாட்டு வைத்தார்.

அடுத்த கார்த்திகையில் மழை பிடித்தபோது அந்த ஒரு சாண் தடுத்தது. ஒன்பது நாள் தண்ணீர் தேங்கி, தூர் கட்டிய சம்பாப் பயிர் அழுகிப் போனது. அப்புறம் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுக் கோப்பை வாங்கிப் பார்த்தோம். கூட்டக் குறிப்பில் இருந்தது ஒரே வரி: விவசாயிகள் கலந்துகொண்டு திட்டத்துக்கு ஆதரவு தெரிவித்தனர். அத்தாட்சியாக எங்கள் பதினோரு கையெழுத்தின் நகல், கடைசியில் அந்தக் கைநாட்டு. வந்ததற்காகப் போட்ட கையெழுத்தைச் சம்மதக் கையெழுத்தாக்கிவிட்டார்கள் ஐயா. பயிர் போனதைவிட எங்களுக்கு அதுதான் அதிகம் வலித்தது.

2023 மார்ச் மாதக் கடைசியில் ஒன்றிய நிலக்கரி அமைச்சகம் டெல்டாப் பகுதியில் உள்ள வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக்குக் கிழக்குப் பகுதி ஆகிய மூன்றையும் நிலக்கரிச் சுரங்க ஏலப் பட்டியலில் சேர்த்தது. எங்களை மட்டுமல்ல, தமிழ்நாடு அரசையும் கேட்கவில்லை. முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார், ஏப்ரலில் மூன்று பகுதிகளையும் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். கேட்காமல் முடிவு செய்தது தவறு என்று அன்று நம் அரசு சொன்னது முழு நியாயம். அதே நியாயத்தைத்தான் எங்கள் ஊர் மதகுக்கும் கேட்கிறோம்.

நல்ல முடிவுக்கும் இது வேண்டும். டெல்டாவில் புதிதாக எண்ணெய், எரிவாயு எடுப்பது போன்ற வேலைகளைத் தடுக்க 2020 பிப்ரவரியில் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை மனதார வரவேற்றவர்கள் நாங்கள். ஆனால் முதலில் அறிவித்தபோது இருந்த திருச்சி, கரூர், அரியலூர் மாவட்டங்கள் சட்டத்தில் இல்லை. எந்த அளவுகோலை வைத்து அவற்றை விட்டுவிட்டார்கள் என்று அங்குள்ள சொந்தக்காரர்கள் கேட்டால், எடுத்துக் காட்ட எங்கள் கையில் ஒரு காகிதம் இல்லை. நெல் கொள்முதலிலும் இதே கதைதான். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள், மழை பெய்ததும் தளர்வு கேட்டு ஒன்றிய அரசுக்குக் கடிதம் போகும், மத்தியக் குழு வந்து மாதிரி எடுக்கும். ஐப்பசியில் மழை பெய்யும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே? முந்தைய வருடங்களின் கணக்கை வைத்துக் கோடையிலேயே ஆய்வு செய்து தயாராக இருக்கலாம்.

புதிய சட்டம் எதையும் நாங்கள் கேட்கவில்லை. மக்களைப் பாதிக்கிற முக்கியமான கொள்கையை வகுக்கும்போதே அது தொடர்பான விவரங்களை வெளியிட வேண்டும், பாதிக்கப்படுகிறவர்களுக்கு முடிவின் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்று தகவல் உரிமைச் சட்டம், 2005-ன் 4-வது பிரிவே சொல்கிறது. சட்ட மசோதாக்களின் வரைவை 30 நாளாவது மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று ஒன்றிய அரசு 2014-ல் கொள்கை வகுத்திருக்கிறது. அந்த 30 நாளை டெல்டாவின் பாசன, வடிகால், கொள்முதல், நில எடுப்புத் திட்டங்களுக்கும் தமிழ்நாடு அரசு ஓர் அரசாணையால் கொண்டுவர முடியும். உடைப்பு எடுத்த கரையை அடைக்க 30 நாள் காத்திருக்கச் சொல்ல மாட்டோம். அவசர வேலைக்கு விலக்கு இருக்கட்டும்.

அந்த 30 நாளில் எங்கள் கைக்கு நாலு பக்கத்தில் ஒரு தமிழ்க் குறிப்பு வந்தால் போதும். பிரச்சினை என்ன, வேறு என்னென்ன வழிகளைப் பார்த்தீர்கள், இப்போதைக்கு ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும், எவ்வளவு செலவு, யாருக்கு லாபம், யாருக்கு நட்டம், எந்த வருடத்துக் கணக்கை வைத்து இதைச் சொல்கிறீர்கள் என்பது அதில் இருக்க வேண்டும். ரேஷன் கடையில் ஒட்டி, ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொன்னால் ஊருக்கே தெரிந்துவிடும். கூட்டத்தை ஊரில் வையுங்கள், நடவும் அறுப்பும் இல்லாத நாளாகப் பார்த்து. பட்டா வைத்திருப்பவரை மட்டும் கூப்பிட்டால் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவரும் நடவுக்குப் போகிற பெண்களும் விட்டுப்போவார்கள். எந்த வயலில் தண்ணீர் எத்தனை நாள் நிற்கும் என்று எங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக நாங்கள் கேட்பது பதில். தலைமடைக்காரர் ஒன்று சொல்வார், நாங்கள் வேறொன்று சொல்வோம், இரண்டையும் ஏற்க முடியாது, சரி. ஏற்காவிட்டால் ஏன் என்று எழுதுங்கள். "தளமட்டத்தை உயர்த்த வேண்டாம் என்று சொன்னார்கள், இந்தக் காரணத்தால் ஏற்கவில்லை" என்று இரண்டு வரி எழுத வேண்டியிருந்தால், எழுதுகிற பொறியாளரே ஒரு முறை வாய்க்காலில் இறங்கிப் பார்த்திருப்பார். வருகைக்கு ஒரு பதிவேடு, கருத்துக்குத் தனியாக ஒன்று இருக்கட்டும். கருத்துப் பதிவேட்டை அங்கேயே வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும். வேலை முடிந்து ஒரு மழைக்காலம் போனதும், எதிர்பார்த்தது நடந்ததா என்று அதே ஊரில் வந்து கேட்க வேண்டும்.

எங்கள் மதகின் தளம் இன்னும் அந்த ஒரு சாண் உயரத்தில்தான் இருக்கிறது. அடுத்த ஐப்பசிக்குள் அதை நேரில் பார்த்து முடிவு செய்ய உத்தரவிடுமாறும், மேலே கேட்ட அரசாணையைப் பிறப்பிக்குமாறும் பணிவுடன் வேண்டுகிறோம். அந்தப் பதினோரு பேரின் வருகைப் பதிவேட்டு நகலை இந்த மனுவுடன் இணைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
வெண்ணாற்றுக் கடைமடைப் பாசன விவசாயிகள்