கள்ளக்காசு அல்ல, தனியார் காசு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கலிபோர்னியா தங்க வேட்டை பற்றி உங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரை, அங்கே தனியார் அடித்த பொற்காசுகளைக் 'கள்ளக்காசு' என்கிறது. அது தவறு. அமெரிக்க அரசியல் சட்டம் மாநிலங்கள் நாணயம் அடிப்பதைத்தான் தடுத்தது. தனியாருக்குத் தடை வந்தது 1864 ஜூனில். அதற்கு முன்பு சான் பிரான்சிஸ்கோவில் மோஃபட், கெல்லாக், வாஸ் மோலிட்டர் போன்ற நிறுவனங்கள் தங்கள் பெயரைப் பொறித்துப் பகிரங்கமாகவே காசு அடித்தன.

தேவையும் இருந்தது. கலிபோர்னியாவின் கொலோமாவில் 1848 ஜனவரியில் தங்கம் தென்பட்டது. சான் பிரான்சிஸ்கோ அரசு நாணயச்சாலை திறந்ததோ 1854இல். அதுவரை சுரங்கக்காரர் கையில் இருந்தது தூள் தங்கம். கடைவீதியில் அதற்கு அவுன்ஸுக்கு 16 டாலர். சுத்தத் தங்கத்துக்கு அரசுக் கணக்கு 20.67 டாலர். ஆயிரத்துக்கு 880 மாற்று, அதாவது ஆயிரம் பங்கில் 880 பங்கு சுத்தத் தங்கம் என்றாலும் 18 டாலருக்கு மேல் பெறும் சரக்கு அது. அவுன்ஸுக்கு 2 டாலர் நட்டம். மணலும் தராசும் தின்றது தனி.

கோளாறு நேர்ந்த இடம் மாற்றுதான். ஆற்றுத் தங்கத்தில் வெள்ளி இயற்கையாகவே கலந்திருக்கும். அதன் அளவு ஓடைக்கு ஓடை மாறும். ஆகவே ஒரே எடைக் காசுகள் இரண்டு ஒரே மதிப்பு ஆகிவிடாது. ஒவ்வொரு உருக்கிலும் சிறு துணுக்கு வெட்டி, அதோடு இரண்டரை மூன்று பங்கு வெள்ளி சேர்த்து, ஈயத்தில் பொதிந்து, எலும்புச் சாம்பல் கிண்ணத்தில் புடம்போட வேண்டும். ஈயத்தைக் கிண்ணம் உறிஞ்சிவிடும். எஞ்சிய மணியை நைட்ரிக் அமிலத்தில் இட்டால் வெள்ளி கரைந்து தங்கம் மட்டும் நிற்கும். வெள்ளி குறைந்தால் அமிலம் உள்ளே இறங்காது, தங்கம் கூடுதலாக எடை காட்டும். இந்தச் சோதனைக்குச் சிறிதளவு அமிலம் போதும். சரக்கு முழுவதையும் சுத்திகரிக்கும் அளவுக்கு அங்கே அமிலம் கிடைக்கவில்லை. அதனால் வெள்ளியோடேயே அடித்தார்கள். செம்பு கலந்த அரசுக் காசு செந்நிறமாகவும் இவை வெளிர்மஞ்சளாகவும் தெரிவதற்கு அதுவே காரணம்.

பால்ட்வின் என்ற தனியார் நிறுவனத்தின் காசுகள் குறித்த மதிப்பில் 3 சதவீதம் வரை குறைவு என்று 1851இல் சோதனையில் தெரிந்ததும் வணிகர்கள் வாங்க மறுத்தார்கள், அந்தக் கடையே முடிந்தது. மத்திய அரசின் மாற்று மதிப்பீட்டாளர் அகஸ்டஸ் ஹம்பர்ட் அதே ஆண்டில் வெளியிட்ட எண்கோண 50 டாலர் காசைப் பாருங்கள். கழுகின் தலைக்கு மேல் உள்ள பட்டையில் 880 அல்லது 887 என்று மாற்றே பொறித்திருக்கும். அவர் நியூயார்க்கில் கடிகாரக் கூடு செய்தவர். பின்பக்கம் முழுவதும் ஓடும் நெருக்கமான வலைக்கோடுகள் அந்தத் தொழிலின் கைவண்ணம்.

கட்டுரையோடு வந்த படத்தில் இருப்பது கரடி பொறித்த சிறு வில்லை. மதிப்பே குறிக்காத இத்தகைய கரடி வில்லைகள் நினைவுப் பொருட்கள். மெய்யான கால், அரை, ஒரு டாலர் காசுகளில் 'டாலர்' அல்லது 'சென்ட்' என்ற சொல்லோ அதன் சுருக்கமோ இருக்கும். இணையத்தில் இந்த வில்லைகளைப் பழங்காசு விலைக்கு விற்கிறார்கள் என்பதால் சொல்கிறோம்.

பெரிய காசு கைக்கு வந்தால் உரைகல்லில் தேய்க்காதீர்கள், கீறல் விலையைக் கெடுக்கும். மின்தராசில் தண்ணீர்க் குவளையை வைத்துப் பூஜ்யமாக்கி, காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் தொடாமல் முழுக்க அமிழ்த்துங்கள். தராசு காட்டுவது காசு விலக்கிய தண்ணீரின் எடை. 887 மாற்று 50 டாலர் காசு ஏறக்குறைய 84.8 கிராம், தராசு 4.8 கிராம் காட்ட வேண்டும். அதே எடைக்கு முலாம் பூசிய பித்தளை 10 காட்டும். காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு தப்பும், தட்டி உதிர்த்துவிடுங்கள். அரை கிராம்கூட இல்லாத கால் டாலருக்குச் சாதாரணத் தராசு உதவாது.

சொல்லுக்கும் படத்துக்கும் திருத்தம் வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பழங்காசு சேகரிக்கும் வாசகர்கள்,
கோயம்புத்தூர்