சங்க நூலகத்தில் ஒரு மேசை வேண்டும்

பெங்களூருத் தமிழ்ச் சங்கச் செயற்குழுவினருக்கு வணக்கம்.

அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் நம் சங்கத்தில் புத்தகம் வெளியிட வருகிறவருக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். அதை அச்சேற்ற அவர் என்ன பாடுபட்டார் என்று கேட்பதில்லை.

போன மாதம் பொம்மனஹள்ளி கார்மென்ட்ஸில் வேலை பார்க்கும் ஒரு தங்கை என்னிடம் வந்தார். மூன்று நோட்டு நிறையச் சிறுகதைகள். பென்சிலில் எழுதி, அதன்மேல் பேனாவால் எழுதியவை. கூடவே ஒரு பதிப்பகத்தின் ஒப்பந்தத் தாள். அச்சுச் செலவு 40,000 ரூபாய் அவர் தர வேண்டுமாம். நூலின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.னுக்குத் தனியாக 2,500. விற்பனையில் எழுதியவருக்கு வரும் பங்கான ராயல்டி என்ற சொல்லே அதில் இல்லை. "சீட்டை எடுத்துக் கட்டிடலாமாண்ணா?" என்றார்.

2014இல் நானும் இப்படித்தான் கட்டினேன். 2020இல் இன்னொருவர் மறுபதிப்புக்குக் கேட்டபோது, "எல்லா உரிமையும் எங்களுடையது" என்றார் பழைய பதிப்பாளர். நான் கையெழுத்திட்ட தாளில் ஆண்டுக் கணக்கே கிடையாது. காலம் குறிப்பிடாமல் எழுதிக் கொடுத்த உரிமை ஐந்து ஆண்டுகளுக்கே செல்லும் என்று 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 19ஆம் பிரிவில் சொல்கிறது. இது தெரியவந்தபோது, கேட்டவர் வேறு நூலுக்குப் போய்விட்டார்.

நான் கேட்பது இதுதான். மாதத்தில் இரண்டாம் ஞாயிறு, நூலகத்தில் ஒரு மேசை, இரண்டு மணி நேரம். புத்தகம் போட்ட உறுப்பினர்கள் இருவர் உட்காரட்டும். தன் செலவில் நூல் போடும் பதிப்பாளர் எழுதியவரிடம் பணம் கேட்கமாட்டார், விற்பதில் ராயல்டி தருவார், பெரும்பாலும் விலையில் பத்து சதவீதம் என்பதை முதலில் சொல்லட்டும். ஐ.எஸ்.பி.என். எண்ணை மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் முகமை இலவசமாகவே தருகிறது. கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தை வரிவரியாகச் சேர்ந்து படிக்கட்டும்.

எங்கே அனுப்புவது என்பதும் பெரிய விஷயம். கவிதை மட்டுமே போடுகிறவருக்கு நாவலை அனுப்பிவிட்டு ஆறு மாதம் காத்திருந்தவரை எனக்குத் தெரியும். அந்தப் பதிப்பகத்தின் நான்கு புத்தகங்களையாவது புரட்டிப் பார்த்திருந்தால் அந்த ஆறு மாதம் மிஞ்சியிருக்கும். டிசம்பர், ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி வேலையில் பதிப்பாளர்கள் மூழ்கிக் கிடப்பார்கள். அப்போது போகும் பிரதியைப் பிரிக்கக்கூட ஆளிருக்காது. சென்னைக்காரர் நேரில் போய் விசாரித்துக்கொள்வார். நமக்கு அதற்கும் ராத்திரி ரயில் ஏற வேண்டும்.

அந்தத் தங்கை இன்னும் கையெழுத்துப் போடவில்லை. நோட்டுகள் என்னிடம் இருக்கின்றன, யூனிகோடில் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். இரண்டில் ஒரு நாற்காலிக்கு நான் வருகிறேன். எந்த மாதத்திலிருந்து என்று மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
சங்க உறுப்பினர் ஒருவர்