புதுப் பணத்தைக் கண்டு முகம் சுளிக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பெரியவர்களுக்கு வணக்கம்.

தருமபுரியில் பத்திரம் எழுதிப் பிழைப்பவன் நான். யாருடைய நிலம் என்ன விலைக்குப் போனது, அந்தப் பணம் எத்தனை பங்காகப் பிரிந்தது என்பதெல்லாம் உங்களைவிட எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

நான்குவழிச் சாலைக்கும் சிப்காட் தொழிற்பேட்டைக்கும் வீட்டுமனைகளுக்கும் நிலம் கொடுத்தவர் ஒரு கார் வாங்கிவிட்டால் போதும், "அற்பனுக்கு வாழ்வு வந்தால்..." என்று டீக்கடையில் தொடங்கிவிடுகிறீர்கள். அந்தப் பழமொழியை முதலில் சொன்னவனிடம் ஏற்கெனவே ஒரு குடை இருந்திருக்கும்.

அவர்கள் செய்வதெல்லாம் சரி என்று வாதாட நான் வரவில்லை. மூன்று ஊருக்குச் சோறு போட்டுக் கல்யாணம் நடத்தியவரையும், கூடுதல் வட்டிக்கு ஆசைப்பட்டு முதலையே தொலைத்தவரையும் பார்த்திருக்கிறேன். ஆனால் ராகியும் துவரையும் விளைந்த அந்த மானாவாரி நிலம் ஆண்டுதோறும் கொஞ்சமாவது கொடுத்தது. விற்ற பணம் ஒரே முறைதான் வரும். இதை நீங்கள் அதிர்ஷ்டம் என்கிறீர்கள். "மேற்படி சொத்தில் இனி எனக்கும் என் வாரிசுகளுக்கும் எவ்வித உரிமையும் இல்லை" என்ற வரியை நான் வாசித்துக் காட்டும்போது எந்த அதிர்ஷ்டசாலியும் சிரித்ததில்லை.

அதே நிலத்தை வாங்கிக் கல் நட்டு, மனையாகப் பிரித்து, பல மடங்கு விலைக்கு விற்றவர் மட்டும் உங்களுக்குத் தொழிலதிபர். கும்பாபிஷேக அழைப்பிதழில் அவருடைய படம் வரும். உழுதவருக்குத் 'திடீர்ப் பணக்காரன்' என்ற பட்டம். இருவரின் பணமும் ஒரே சர்வே எண்ணிலிருந்து வந்ததுதான்.

நிலமே இல்லாமல் முன்னேறியவர்கள் கதை இதைவிட மோசம். பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும் திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்கும் போய்ச் சம்பாதித்தவர், காலனியில் ஒரு மாடி வீடு கட்டினால் அது திமிர். ஊர்த் தெருவில் அதே வீடு எழும்பினால் வசதி. 2012 நவம்பர் 7 அன்று நம் மாவட்டத்து நத்தம் காலனியிலும் பக்கத்துக் குடியிருப்புகளிலும் 200-க்கும் மேற்பட்ட தலித் வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. சாதி கடந்த ஒரு திருமணமும், பெண்ணின் தந்தை தற்கொலை செய்துகொண்டதும் காரணம் என்றார்கள். சரி, பைக்கும் பீரோவும் யாரைத் திருமணம் செய்துகொண்டன? சாதி வெறியோடு, "இவர்களுக்கு இதெல்லாமா" என்ற வயிற்றெரிச்சலும் சேர்ந்துதான் அந்தத் தீயை மூட்டியது என்பது என் எண்ணம். நீங்கள் யாரும் தீப்பந்தம் எடுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் 'திமிர்' என்று பெயர் வைத்தது யார்?

இதற்கிடையில் திருவிழா வரியை மட்டும் இவர்களுக்குப் பெரிய தொகையாக எழுதிவிடுகிறீர்கள். ரசீது கிழித்த கையோடு கேலியும் பேசுகிறீர்கள். இது என்ன நியாயமோ!

கிரயத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட நீங்கள்தான் வருகிறீர்கள். அன்றைக்கு மட்டும் வருவதற்குப் பதிலாக, அட்வான்ஸ் வாங்கும் முன்பே ஒருநாள் வாருங்கள். எல்லா ஏக்கரையும் விற்கிறாரா, ஒரு துண்டாவது வைத்துக்கொள்கிறாரா, பணத்தை எங்கே போடப்போகிறார் என்று உரிமையோடு கேளுங்கள். பெண் பிள்ளைகளின் பங்கைப் பற்றியும் கேளுங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பிறகு மணமான மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சமபங்கு உண்டு. இருந்தும் ஒரு பட்டுச் சேலையைக் கையில் கொடுத்து, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது இன்னும் நடக்கிறது. கார் வாங்கியதைப் பற்றி வாரக்கணக்கில் பேசும் நீங்கள், இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

யோசனை கேட்க வருபவர்களிடம் நான் எழுத்துக் கூலி வாங்குவதில்லை. கூட்டிக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
பத்திர எழுத்தர் ஒருவர்,
தருமபுரி