என்னை அறியாமலேயே எனக்கு உதவியவர்களுக்கு

அன்புடையீர்,

நான் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர். இதயச் செயலிழப்பு நோயாளி; அதாவது, ரத்தத்தைப் போதிய அளவு தள்ள முடியாத இதயம் எனக்கு. மாடிப்படி ஏறினாலே மூச்சிரைத்த நான், இப்போது மாலையில் கடைத்தெரு வரை நடந்துவிட்டு வருகிறேன். அதற்குக் காரணமானவர்களுக்கு எழுதும் மடல் இது.

முதலில் அருகில் இருந்தவர்கள். எக்கோ படத்தைப் பொறுமையாக விளக்கிய மருத்துவருக்கு நன்றி. தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும், மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் கூடினால் உடனே வர வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்ன செவிலியருக்கு நன்றி. அப்பளம், ஊறுகாய், கருவாடு மூன்றையும் வீட்டைவிட்டு விரட்டி, என் முணுமுணுப்பையும் சகித்துக்கொண்ட மருமகளுக்குக் கூடுதல் நன்றி.

அடுத்து, அடால்ஃபோ டி போல்ட். அர்ஜென்டினாவின் பரானா நகரில் 1942-இல் பிறந்து, கனடாவின் கிங்ஸ்டனில் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தவர். 2021-இல் மறைந்துவிட்டார்; இந்த நன்றி அவருக்குப் போய்ச் சேராது. இருந்தாலும் எழுதுகிறேன்.

இதய மேலறைச் செல்களுக்குள் சிறு துகள்கள் இருப்பதை 1950-களிலேயே எலக்ட்ரான் நுண்ணோக்கி காட்டிவிட்டது. ஹார்மோன் சுரக்கும் செல்களில் உள்ள துகள்களைப் போலவே அவை இருந்தன. ரத்தத்தைத் தள்ளும் தசைக்குச் சுரப்பியின் சரக்கு எதற்கு? இந்தக் கேள்வியோடு பத்தாண்டுக்கு மேல் மல்லுக்கட்டினார் டி போல்ட். உடலின் நீரும் உப்பும் மாறும்போது துகள்களும் மாறுவதைக் கவனித்தார். பிறகு டொரன்டோவைச் சேர்ந்த சோனன்பெர்க் குழுவினருடன் சேர்ந்து, எலியின் மேலறையை அரைத்தெடுத்த சாற்றை வேறு எலிகளின் ரத்தத்தில் செலுத்திப் பார்த்தார். சிறுநீரில் சோடியம் 30 மடங்குக்கு மேல் பெருகியது. ரத்த அழுத்தம் இறங்கியது. கீழறைச் சாற்றுக்கு அந்த விளைவு இல்லை. 1981-இல் வெளியான இந்த முடிவு, இதயமும் ஒரு சுரப்பிதான் என்று காட்டியது. நான் படித்த பாடநூல்களிலும் நடத்திய பாடநூல்களிலும் அந்த வரி இல்லை.

அந்தச் சாற்றில் இருந்த ஹார்மோனைப் பிரித்தெடுக்க உடன் உழைத்த அவருடைய மனைவி மெர்சிடிஸ் டி போல்டுக்கும் நன்றி. இத்தகைய பெயர்கள் ஏனோ எப்போதும் அடுத்த வரிக்குப் போய்விடுகின்றன. நானும் அதையே செய்திருக்கிறேன்.

ஒரு வேடிக்கை. நான் கருவாட்டுக் குழம்பை ருசித்துக்கொண்டிருந்த காலமெல்லாம், விரிந்து திணறிய என் இதயம் உப்பை வெளியேற்றச் சொல்லிச் சிறுநீரகத்துக்குத் தூதுவிட்டுக்கொண்டிருந்திருக்கிறது. எதிர்ப்பக்கம் ரெனின், ஆஞ்சியோடென்சின், ஆல்டோஸ்டிரோன் என்ற உடலின் வேறு மூன்று வேதிப்பொருள்கள் உப்பைப் பிடித்துவைக்கப் பார்த்தன. ஜெயித்தது அந்தப் பக்கம்தான். என் கால் வீக்கமே சாட்சி.

நான் விழுங்கும் மாத்திரையில் இரண்டு மருந்துகள் இருக்கின்றன. வால்சார்டான், ஆஞ்சியோடென்சினின் வேலையைத் தடுக்கிறது. அதன் வம்சாவளி, 1898-இல் ஸ்டாக்ஹோமில் முயலின் சிறுநீரகத்தில் ரெனினைக் கண்ட டைகர்ஸ்டெட், பெர்க்மன் இருவரிடம் தொடங்குகிறது. சாக்குபிட்ரில், இதயம் அனுப்பும் ஹார்மோன்களைச் சிதைக்கும் நெப்ரிலைசின் என்ற நொதியை அடக்குகிறது. டி போல்ட் தொடங்கிய பாதை வந்து சேர்ந்த இடம் அது.

பரிசோதனைகளுக்குத் தம் உடலைக் கொடுத்த நோயாளிகளை நினைத்தால்தான் எனக்குத் தொண்டை அடைக்கிறது. 1987-இல் வெளியான கான்சென்சஸ் ஆய்வில் கடுமையான இதயச் செயலிழப்பு உள்ள 253 பேர் இருந்தார்கள். ஏறத்தாழப் பாதிப் பேருக்கு, ஆஞ்சியோடென்சின் உருவாவதைத் தடுக்கும் எனலாப்ரில் என்ற மருந்து; மற்றவர்களுக்கு மருந்தில்லா மாத்திரை. ஆறு மாதத்துக்குள் எனலாப்ரில் பிரிவில் 26 சதவீதம் பேரும், மற்றப் பிரிவில் 44 சதவீதம் பேரும் இறந்தார்கள். எந்தப் பிரிவு என்று தெரியாமலே கையெழுத்திட்டவர்கள் அவர்கள். பிறகு 2014-இல், 8,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற பாரடைம் ஆய்வில் அதே எனலாப்ரிலை என்னுடைய மாத்திரை முந்தியது. அந்த ஊர்பேர் தெரியாத மனிதர்களுக்கும், சம்மதம் கேட்கப்படாத அந்த எலிகளுக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன்.

கடைசியாக, காப்புரிமை 2023-இல் முடிந்ததும் இதே மருந்தைக் குறைந்த விலைக்குக் கொண்டுவந்த இந்திய நிறுவனங்களின் வேதியியலாளர்களுக்கும், நான் கேட்காமலேயே மாத்திரை அட்டையைத் திருப்பி விலையைக் காட்டி, "மருத்துவரிடம் கேளுங்கள் ஐயா, மாற்றிக்கொள்ளலாம்" என்ற மருந்துக்கடைத் தம்பிக்கும் நன்றி. மாற்றிக்கொண்டேன்.

நன்றியுடன்,
ஓய்வுபெற்ற ஆசிரியன்